ஒன்றுக்கு அடுத்தது பத்து

என் வீட்டுக்காரர் பேசுவதைவிடப் பொறுக்குவது அதிகம். வீட்டு வேலையில் எதையாவது பொறுக்கித் தருவார் என்று நினைத்துவிடாதீர்கள், அந்த உபகாரமெல்லாம் கிடையாது. அவர் பொறுக்குவது வரிகளை. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் எழுத்து வரிகளில் வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளி, எடுத்ததை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டால் அன்றைக்கு மனுஷனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

தொழில் பல்செட் கட்டுவது. செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவர்கள் லேப். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். மேசை, நாற்காலி, மின்விசிறி, ஆட்களின் புருவம் எல்லாவற்றின் மேலும் வெள்ளை பிளாஸ்டர் தூசி. ஒரு மூலையில் பாலீஷ் மோட்டார் நாள் முழுக்க அழுதுகொண்டிருக்கும். அலமாரியில் வரிசையாகத் தட்டுகள், தட்டுக்கு ஒரு பல்செட், ஆளில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று சிரிக்கப் பயமாக இருந்தது.

ஏழு பல் ஆஸ்பத்திரிகள் அந்த லேப்புக்கு ஆர்டர் கொடுக்கின்றன. எல்லாம் ஓர் அரதப் பழசான சாட் புரோகிராம் வழியாகத்தான். முதலாளி அதை எந்தக் காலத்திலோ போட்டார். ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டார். அதற்குள் ஒரு குட்டி மொழி இருக்கிறது. அந்த மொழியில் பில்டர் என்று நாலு வரி எழுதி வைத்தால் அரட்டை அறையில் வருவதையெல்லாம் அது சலித்துக் கொடுக்கும். இந்தச் சொல் உள்ள வரிகளை மட்டும் எடு, இந்த ஜன்னலில் போடு, போடும்போதே வரிசைப்படுத்து என்றால் செய்யும். சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், முன்னால் என்ன இருந்தாலும் பின்னால் என்ன இருந்தாலும் கவலையில்லை என்று அர்த்தமாம். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் இதை எனக்கு விளக்கினார். வேறு எதை விளக்கியும் அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

நான் அந்த ஏழு ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஆர்டர் வரி தட்டுவது என் வேலை. லேப் அந்தந்த நாளுக்குத் தரும் எண், ஆஸ்பத்திரி, நோயாளி பெயர், மேல்வரிசையா கீழ்வரிசையா, பல்லின் நிறம், தேதி. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாய்கோடு. மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் சாய்கோட்டை மறப்பார்கள், தேதிக்குப் பதிலாக "சீக்கிரம்" என்று எழுதுவார்கள். நான் மறந்ததில்லை. ஒருநாள் எனக்குத் தனி ஜன்னலில் ஒரு செய்தி வந்தது: "மூணு வருஷத்துல உங்க வரி ஒண்ணுகூட என் பில்டர்ல சிக்காம போனதில்ல." புகார் சொல்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அது காதல் என்று புரிய எனக்குப் பதினோரு நாள் ஆனது. வீட்டிலும் அதே கதைதான். கேள்விக்குறி இருக்கிற வரிக்கு மட்டும் பதில் சொல்லும் வழக்கம் அவருடையது என்று கண்டுபிடித்தேன். அதிலிருந்து "கேஸ் தீர்ந்துபோச்சு?" என்றுதான் அனுப்புகிறேன்.

என் அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் பெரிய உற்சாகம் இல்லை. அப்பா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். முப்பத்தொரு வருடம் ஒலிபெருக்கியில் பேசியவர். எந்தப் பஸ் எந்த மேடையில் எத்தனை மணிக்கு என்று அவர் சொன்னால் கல்லுக்கும் காது திறக்கும். அப்படிப்பட்டவருக்கு, கேட்டால் தலையாட்டுகிற ஒரு மருமகன்.

"ஆளு நல்லவருதான். ஆனா ரேடியோவ அணைச்சு வெச்ச மாதிரி இருக்காரே" என்றார்.

அப்பாவுக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது பல் எல்லாம் ஆட்டம் கண்டு, எங்கள் டாக்டர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாயிற்று. புதுப் பல் கட்டும்வரை அப்பாவை மைக்கிலிருந்து இறக்கி, உள்ளறையில் பதிவேட்டு மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மைக்கில் பதிவுசெய்த ஒரு குரல் பேசியது. அது ஒரு பெண்ணின் குரல். எந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாலும் ஒரே மாதிரி வருத்தப்படும். அப்பா அதைக் கேட்டுக் கேட்டு இரண்டு மாதத்தில் நாலு கிலோ இளைத்தார். சிரிக்க வேண்டி வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசி நாள், வெள்ளிக்கிழமை, நாலு மணியிலிருந்து நாலரை வரை கிளம்பும் பஸ்களை அவரே அறிவிக்க வேண்டும். மேலாளரும் சரி என்றுவிட்டார். அதற்குப் பல் வேண்டும்.

பல்செட் கட்டுவது மாப்பிள்ளை லேப்பில்தான் என்றதும் அப்பா, "ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அந்தச் செட்டுக்குப் பாடுபட்ட மாதிரி நான் எதற்கும் பாடுபட்டுப் பார்த்ததில்லை. மெழுகில் மூன்று தடவை செதுக்கி மூன்று தடவை உருக்கினார். அப்பாவின் பழைய போட்டோவைப் பார்த்து முன்பல் ஒன்றைத் துளி சாய்த்து வைத்தார். முதல் நம்பர் கொடுத்தால் சலுகை காட்டியதாக ஆகிவிடும் என்று, அப்பாவின் ஆர்டருக்கு இரண்டாம் நம்பர் போட்டார். மரியாதையாக ஒன்றாம் நம்பரே போட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஏனென்றால் கோளாறு வரிசையில் இருந்தது. லேப்பில் தட்டில் ஒட்ட நோயாளி பெயர்களை அச்சடித்துத் தருவதும் அவருடைய குட்டி மொழிதான். ஆர்டர் வரிகளைச் சலித்து, எண்ணைப் பார்த்து அடுக்கி, பிறகு எண்ணைக் கத்தரித்துவிட்டுப் பெயரை மட்டும் ஒரு தாளில் இறக்கும். அவர் அந்தத் தாளை மேலிருந்து கீழாக உரித்து, எண்வரிசையில் மூடி வைத்த தட்டுகளில், முதல் தட்டில் முதல் பெயர், இரண்டாம் தட்டில் இரண்டாம் பெயர் என்று ஒட்டிக்கொண்டே போவார். ஒரு நாளைக்கு எட்டு செட், மிஞ்சினால் ஒன்பது. நாலு வருடம் ஒரு பிசகு இல்லை. அந்த வாரம் வியாழக்கிழமை லேப்பில் குழாய் வெடித்து லீவு விட்டார்கள். இரண்டு நாள் வேலை ஒன்றாகச் சேர்ந்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டு செட் ஆகிவிட்டது.

வெள்ளி மதியம் பன்னிரண்டு மணிக்கு எல்லாத் தட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. அப்பாவின் பெயர் ஒட்டிய தட்டை மட்டும், பட்டியலை நம்பி மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், என் வீட்டுக்காரரே பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் சாயங்காலம் வந்து சரிபார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கொடுத்துவிட்டு, "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு அப்பா எனக்குப் போன் செய்தார். முதலில் யாரோ குதிரையை மாடிப்படியில் இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். டக் டக் என்ற சத்தத்துக்கு நடுவே ஏதோ வார்த்தை வந்தது. நாலாவது தடவை புரிந்தது: "வாய மூட முடியல."

அதே நேரம் எங்கள் டாக்டரின் நாற்காலியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஆள் வாட்டசாட்டம், அதற்கேற்ற தாடை. அவருக்கு வந்த செட்டோ பொம்மைக்குக் கட்டியது போல. டாக்டர் மாட்டிவிட்டார். அந்தம்மா "நல்லா" என்று ஆரம்பித்தார், "இருக்கு" என்பதற்குள் பல் டாக்டரின் சட்டைப் பையில் விழுந்துவிட்டது.

நான் அரட்டை அறையில் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். என் வாழ்நாளில் ஆர்டர் வரியில் "அவசரம்" என்ற சொல்லை எழுதாதவள், அன்றைக்குப் பதினான்கு தடவை எழுதினேன். மற்ற ஆஸ்பத்திரிகளும் எழுதிக்கொண்டிருந்தன. லேப் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையவில்லை. போன் செய்யலாம் என்றால், தூசி போகும் என்று போனைப் பெட்டியில் பூட்டி வைப்பது அவர்கள் வழக்கம். ஸ்கூட்டரை எடுத்தேன்.

படியேறிப் போனால், ஐயா திரை முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திரை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"இன்னிக்கு ஒரு புகார்கூட இல்ல" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி.

"என்னங்க, அப்பாவுக்கு யாரோட பல்லக் குடுத்தீங்க?"

"மாமாவோடதுதான்."

"அது மாமா வாய்க்கும் அடங்கல, மாமா முகத்துக்கும் அடங்கல. பதினாலு தடவ எழுதினேனே, அவசரம்னு?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் காலாட்டுவதை நிறுத்தினார். விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் அவசரம் என்று எழுதுகிறார்கள், அடுத்த மாத ஆர்டருக்கும் அவசரம், வாழ்த்துச் செய்திக்கும் அவசரம். ஆகவே போன வாரம்தான் ஒரு பில்டர் எழுதியிருக்கிறார். அவசரம் என்ற சொல் உள்ள வரியெல்லாம் கண்ணில் படாமல் தனிக் கோப்புக்குப் போய்விடும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படிப்பாராம்.

"எடுங்க அத" என்றேன்.

எடுத்தார். அறுபத்திரண்டு வரிகள் கொட்டின. ஒரு கிழவருக்கு வாய் திறந்தால் மூடவில்லை, ஓர் அம்மாவுக்கு மூடினால் திறக்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரி வெறும் ஆச்சரியக்குறிகளாகவே அனுப்பியிருந்தது. பாலீஷ் மோட்டார்க்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, கைகட்டி நின்றார்.

என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி, காலையில் அடுக்கிய பட்டியலை எண்ணைக் கத்தரிக்கும் முன் இருந்தபடி திரையில் எடுத்துப் பார்த்தார். ஒன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அதற்கப்புறம் இரண்டு.

"எண்ணா பார்னு சொல்ற குறி ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு எழுத்து. அத நான் போடவே இல்ல" என்றார். "அதனால இது அகராதி மாதிரி முதல் எழுத்தப் பாத்தே அடுக்கியிருக்கு. பத்துங்கற எண்ணுல முதல்ல ஒண்ணு நிக்குதுல்ல, அதனால ரெண்டுக்கு முன்னாலயே வந்துடுச்சு."

"நாலு வருஷமாவா?"

"ஒன்பது வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதானே."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "மாமா இன்னிக்கு ஒருநாள்தான் கேட்டாரு" என்றார். அவ்வளவுதான், எனக்குக் கோபம் போய்விட்டது. எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்து மோட்டார்க்காரர் கட்டியிருந்த கையை இறக்கினார். அதே பில்டரை இரண்டு தடவை ஓட்டினார். ஒரு தடவை காலையில் இருந்தபடியே தப்பாக, ஒரு தடவை விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துச் சரியாக. இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சரியான பட்டியலில் இருப்பவருடைய பல், அதே வரியில் தப்பான பட்டியலில் இருப்பவர் வாயில். ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு வாய்க்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. அப்பா போட்டிருப்பது ஐந்தாம் நம்பர், அந்த நீச்சல் அம்மாவுடையது. அப்பாவின் பல் பத்தாம் நம்பர்காரரிடம். ஒன்றாம் நம்பர்காரர் ஒருவர்தான் உலகத்திலேயே அன்றைக்குத் தன் பல்லால் சாப்பிட்டவர்.

பத்தாம் நம்பர் ஒரு பூட்டு ரிப்பேர்காரர். அவரைப் பற்றி மட்டும் அறுபத்திரண்டு வரியிலும் புகாரே இல்லை. அது நல்ல சகுனமாக எனக்குப் படவில்லை.

மணி மூன்றேகால். மோட்டார்க்காரர் மற்றப் பல்லையெல்லாம் திரட்டக் கிளம்பினார். நான் அப்பாவிடம் ஓடினேன். இவர் பூட்டுக் கடைக்கு ஓடினார்.

அங்கே நடந்தது பிறகு எனக்குத் தெரிந்தது. பூட்டுக்காரர் ஓர் ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாராம். "இது என் வாய்க்குன்னே பொறந்த பல்லுங்க. இந்த ஜென்மத்துல கழட்ட மாட்டேன்" என்றாராம். எதிராளி பேசினால் தலையாட்டும் என் வீட்டுக்காரர் பதினைந்து நிமிடம் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார். கடைசியில், சுவரில் தொங்கிய சாவிகளைப் பார்த்துக் கேட்டாராம்: "ஒரு சாவி தவறிப்போய் இன்னொரு பூட்டையும் திறந்துடுச்சுன்னா, அது யாரோட சாவி?" பூட்டுக்காரர் ஆப்பிளைக் கீழே வைத்துவிட்டு, தொழில் தர்மத்தைச் சபித்துக்கொண்டே, பல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் யாருக்கும் புரியவில்லையாம்.

பஸ் நிலையத்தில் அறிவிப்பு அறை மேல் மாடியில். ஜன்னல் வழியாகப் பஸ்களின் கூரை மட்டும்தான் தெரியும். மேலாளர் பூங்கொத்தோடு நின்றார், ஊழியர்கள் பத்துப் பேர் நின்றார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், நீச்சல் அம்மாவின் பல்லோடு, காரணமே இல்லாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு மணி. மருமகனைக் காணோம். அப்பா மைக்கைப் போட்டு, "பயணிகளின்" என்று தொடங்கினார். இருபத்துநாலு ஒலிபெருக்கியிலும் டக் டக் டக் என்று குதிரை ஓடியது. அப்பா பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். வெறும் ஈறோடு மறுபடி சொன்னார். காற்றுதான் வந்தது. கீழே நடந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்று ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

"பதிவுக் குரலைப் போட்டுடலாமா சார்?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார். நல்ல மனிதர், கஷ்டப்பட்டுத்தான் கேட்டார்.

அப்பா மைக்கை அணைத்தார். நேரப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். படியிறங்கினார். பூங்கொத்து, பத்துப் பேர், நான் எல்லோரும் பின்னால் இறங்கினோம். அப்பா நேராகக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். இரண்டு பெரிய பையோடு ஓர் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேல ஒரு ஆளு என்னமோ ஊதறான், ஒண்ணும் புரியல. பன்னெண்டாம் நம்பர் எங்க நிக்குதுங்க?"

"அந்த ஆளு நான்தாம்மா" என்றார் அப்பா. நான் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், கேட்டது வேறு மாதிரி. ஆனால் பக்கத்தில் நின்று, விரலை நீட்டி, முழங்கையைத் தொட்டுச் சொன்னால் பல் இல்லாவிட்டாலும் புரிகிறது. அந்தம்மாவுக்குப் புரிந்தது. அதைப் பார்த்து இன்னொருவர் வந்தார். பிறகு ஒரு கும்பலே வந்துவிட்டது. அப்பா ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொருவராகக் கைகாட்டி, தள்ளாடினவர்களைப் பிடித்துக்கொண்டு போய் ஏற்றினார்.

நாலு பத்துக்கு என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் வியர்வையாக ஓடி வந்தார். கையில் பல் டப்பா. கூட்டத்துக்கு நடுவே நின்று, நான் அறிந்தவரையில் அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"மாமா, என் தப்புதான். ஒரு எழுத்து விட்டுட்டேன். இன்னொருத்தர் வாயில இருந்து வந்த பல்லு, பத்து நிமிஷம் மருந்துத் தண்ணியில ஊறாம உங்க வாய்க்குக் குடுக்க எனக்கு மனசு வரல. இல்லேன்னா நாலு மணிக்கே வந்திருப்பேன். உங்க கடைசி நாள நான் கெடுத்துட்டேன் மாமா."

சுற்றியிருந்தவர்கள் பஸ்ஸை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா டப்பாவை வாங்கினார். திறந்தார். துளி சாய்ந்திருந்த அந்த முன்பல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்புறம் மாட்டிக்கலாம். பன்னெண்டாம் நம்பர் கிளம்பப் போகுது. அந்தம்மா பையத் தூக்குங்க."

என் வீட்டுக்காரர் தூக்கினார். தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர் சும்மா இருப்பாரா? மிச்சமிருந்த கூட்டத்தைப் பஸ் நம்பர்படி வரிசையாக நிறுத்த ஆரம்பித்தார்.

"ஒன்பதுக்கு அப்புறம்தான் பத்து. பாத்து நிறுத்துங்க" என்று அப்பா கத்தினார். புரிந்த நான் மட்டும் சிரித்தேன்.

நாலரைக்குக் கடைசிப் பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் இருந்த இரண்டு மூன்று பேர் அப்பாவைப் பார்த்துக் கையசைத்தார்கள். அப்பாவும் கையை உயர்த்தி அசைத்தார். அப்போதுதான் கவனித்தேன், வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார், ஈறெல்லாம் தெரிய, கையால் மூடாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் திரும்பி மறையும்வரை அவர் கையை இறக்கவில்லை.

"தெரிஞ்சவங்களாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. முப்பத்தொரு வருஷமா இவங்ககிட்டதான் பேசிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் பாத்தேன்."